கன்றுகளின் வாசலில் ஒரு வீட்டு வான்

காலை பத்து மணிக்குத் திருகோணமலைச் சந்தைக்கு முன்னால் எங்கள் வானை நிறுத்தினோம். நாலைந்து முச்சக்கர வண்டிக்காரர்கள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். உள்ளே இரண்டு கட்டில், குட்டிக் குசினி, குளிர்சாதனப் பெட்டி. நாள் வாடகை இருபத்தெட்டாயிரம் ரூபாய். ஒருவர் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, ஏன் வீட்டையும் கூட்டிக்கொண்டு திரியிறியள்?" என்று கேட்டார். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வருகிற வழியெல்லாம் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

பதில் சொல்ல வேண்டியவர் என் அண்ணா. கனடாக்காரர். கோடை வந்தால் ஏரிக்கரையில் வாகனத்தை நிறுத்தி அதற்குள்ளேயே படுத்தெழும்புகிற பழக்கம் அவருக்கு. அங்கே அதற்கென்றே இடங்கள் உண்டாம். தண்ணீர்க் குழாய், கரண்ட், கழிப்பறை, இலக்கம் போட்ட தரிப்பிடம் எல்லாம் இருக்குமாம். என் ஏழு வயது மகள் அபியை ஓர் இரவாவது குளக்கரையில் படுக்க வைக்காமல் விமானம் ஏறமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் ஒன்றுதான் சொன்னார்: "பிள்ளையின்ரை கையை விட்டிராதை." சொல்லவே தேவையில்லை. பள்ளிக்கூட மணி அடிக்க முன்னமே கேற்றில் போய் நிற்கிற தாய் நான்.

முதலில் நிலாவெளி. ஒரு தங்குவிடுதியின் பின்வளவு, இரவுக்கு ஆறாயிரம் ரூபாய். பக்கத்திலேயே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. "இது கடல். நான் கேட்டது குளம்" என்று அண்ணா இறங்கக்கூட இல்லை. பிறகு வடக்கே குச்சவெளிப் பக்கம், நகரத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீற்றர். களப்பு என்கிற உப்புநீர் ஏரியின் ஓரம் அழகுதான், ஆனால் பெயருக்கு ஒரு மரம் இல்லை. வலை உதறிக்கொண்டிருந்த பெண்ணிடம் இரவு தங்கலாமா என்று கேட்டேன். "தங்கலாம், ஆர் வேண்டாமெண்டது? ஆனா இந்த வெயிலுக்கு நாங்களே பன்னிரண்டு மணிக்கு வீட்டை ஓடிப்போறனாங்கள்" என்றார்.

வந்த வழியே திரும்பி, நகரத்தைத் தாண்டி, கிண்ணியாப் பாலத்தால் ஏறி உள்நாட்டுக்குப் போனோம். மூன்று மணிக்கு மேல் ஒரு குளம் எதிர்ப்பட்டது. பெயரை எழுதமாட்டேன். இதை வாசித்துவிட்டு யாராவது வானோடு போய் அங்கே நின்றால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். தாமரை பூத்த தண்ணீர், கொக்குகள், பெரிய மருத மரம், மரத்தைச் சுற்றிச் சப்பட்டையான வெறுந்தரை. ஒரு புல் இல்லை, கல் இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு ஓலை வாடி, காவல் குடிசை போல, ஆளைக் காணவில்லை. மரத்தடியில் முள்வேலி அடைப்பு, அதற்குள் பத்துப் பதினைந்து எருமைக் கன்றுகள்.

"இடத்தைத் துப்புரவாக்கி வேற வைச்சிருக்கிறாங்கள். அங்கை பார், ஒஃபிசும் இருக்கு" என்று அண்ணா வாடியைக் காட்டினார். நான் சிரித்தேன். வேலியில் ஓரிடத்தில் முள் இல்லாமல் இரண்டு தடிகள் மட்டும் குறுக்கே கிடந்தன. மர நிழல் சரியாக அங்கேதான் விழுந்தது. வேலி பிய்ந்த இடமாக்கும் என்று நினைத்து, வானின் முதுகைத் தடியோடு ஒட்ட வைத்து நிறுத்தினோம்.

ஐந்தரை மணியளவில் நான் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அண்ணா வெளியே கதிரை விரித்துப் போட்டு இருந்தார். அபி அவரோடு இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். என்னோடு இருக்கிறாள் என்று அவர் நினைத்தார். தூரத்தில் புழுதி எழும்பியது. அண்ணா போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். புழுதிக்குள்ளிருந்து எருமைகள் வந்தன. நான் அறிந்த எருமை ஆறுதலாக நடக்கிற பிராணி. இவை ஓடி வந்தன. அண்ணா கதிரையை விட்டுவிட்டு வானுக்குள் பாய்ந்து கதவை அடித்துச் சாத்தினார்.

"அபி எங்கை?" என்றேன்.

அண்ணா என்னைப் பார்த்தார். வானின் பின் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். தடிகளுக்குக் கீழால் நுழைந்து போய், கன்றுகளுக்கு நடுவில் குந்திக்கொண்டிருந்தாள் என் மகள். ஒரு கன்று அவள் விரல்களைச் சூப்பிக்கொண்டிருந்தது. "அழாதை, அழாதை, அம்மாமார் வந்திட்டினம்" என்று அதன் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் வான் ஆடத் தொடங்கிவிட்டது. கொம்புகள் தகரத்தில் உரசுகிற சத்தம் இன்றைக்கும் என் பல்லைக் கூசச் செய்கிறது. நான் ஜன்னலால் இடுப்பு வரைக்கும் வெளியே தொங்கினேன், அண்ணா என் கால்களைப் பிடித்துக்கொண்டார். "அம்மா பொறுங்கோ, இது இன்னும் சூப்பி முடியேல்லை!" என்றாள். சட்டையில் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்தது. கையில் பிடித்து இழுத்து உள்ளே போட்டேன். கட்டிப் பிடித்தேன், முதுகில் ஓர் அடியும் போட்டேன்.

அப்போதுதான் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு முகத்தைக் கண்டேன். கரிய முகம், வாயோரம் நுரை. அந்தத் தாய் எங்களைப் பார்க்கவே இல்லை. எங்களுக்குப் பின்னால் கத்துகிற தன் கன்றைப் பார்த்துக் கத்தியது. வேலி பிய்ந்த இடம் என்று நாங்கள் நினைத்தது அந்த அடைப்பின் வாசல் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாசலை அடைத்துக்கொண்டு வீட்டோடு நின்றோம்.

எருமைகளை முன்னுக்கு விட்டுவிட்டுக் குளத்தின் மறுகரையில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர் ஈரச் சாரத்தோடு ஓடி வந்தார். பட்டிக்குச் சொந்தக்காரர், கிண்ணியா ஆள், ஹனிபா நானா; அங்கே முஸ்லிம்கள் அண்ணாவை நானா என்பார்கள். கூடவே அவருடைய தம்பி.

"ஆரு இஞ்ச வாகனத்த நிப்பாட்டினது?"

"வாசலெண்டு தெரியாது நானா!" என்று ஜன்னலால் கத்தினேன்.

"வேற என்னெண்டு நெனச்சீங்க? பச்சக் கண்டுகள், தூரம் நடக்க ஏலாதெண்டு விட்டுட்டுப் போறம். பகல் முழுக்கப் பால் இல்லாம நிக்கிதுகள்!"

அண்ணா ஹோர்னில் கை வைத்தார். "அடிக்காதீங்க தம்பி! பட்டி வெருண்டா எல்லாரையும் மிரிச்சிப் போட்டிரும்!" என்று நானா கத்தினார். மெல்ல முன்னுக்கு எடுக்கச் சொன்னார். சில்லுகள் சாணிச் சேற்றில் சுற்றிச் சுற்றிப் புதைந்தனவே ஒழிய வான் அசையவில்லை. நானாவும் தம்பியும் பக்கவாட்டில் முள்வேலியை வெறுங்கையால் பிய்க்கத் தொடங்கினார்கள். கன்றுகளின் கத்தல் தாங்க முடியவில்லை. என் பிள்ளை மடியில் இருக்கிறாள், அவைகளின் பிள்ளைகள் பசியோடு உள்ளே நிற்கின்றன.

அபியின் கையை விட்டேன். "மாமாவோடை இரு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கொம்புகளுக்கு நடுவால் நான் எப்படிப் போனேனோ தெரியாது. நாய் குரைத்தாலே ரோட்டின் மற்றப் பக்கம் மாறுகிறவள் நான். முள்ளுக் கொப்பைப் பிடித்து இழுத்தேன், உள்ளங்கை கிழிந்தது. "விலகுங்க தங்கச்சி!" என்றார் நானா. இடைவெளி திறந்தது. கன்றுகள் வெளியே பாய்ந்தன. அவ்வளவு கூட்டத்துக்குள்ளும் ஒவ்வொன்றும் தன் தாயிடம் நேராகப் போய் முட்டியது. கத்தல் நின்றது. பால் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் சாணிக்குள்ளேயே இருந்து அழுதேன்.

அன்றிரவு அங்கேயேதான் படுத்தோம், வேறு வழி? அண்ணா கேட்டபடியே குளக்கரை. சுற்றி வர எருமைகள் அசைபோட்டுக்கொண்டு கிடந்தன. விடிந்ததும் ஒரு உழவு இயந்திரம் வந்து வானை இழுத்தெடுத்தது. மன்னிப்புக் கேட்டோம். ஹனிபா நானா ஒரு தயிர்ச் சட்டியை அபியின் கையில் கொடுத்துவிட்டு, "மறுகா வந்தா வாசலப் பாத்து நிப்பாட்டுங்க" என்றார்.

வெள்ளவத்தைக்குத் திரும்பிய அடுத்த கிழமை, பள்ளிக்கூட கேற்றுக்குக் குறுக்கே ஒரு லொறி நின்றது. சாரதியைக் காணவில்லை. மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் உள்ளே நெருக்குப்பட்டார்கள், தாய்மார் நாங்கள் வெளியே நெருக்குப்பட்டோம். நான் லொறியின் தகரத்தில் இரண்டு கையாலும் அடித்தேன், கத்தினேன். தேத்தண்ணீர்க் கோப்பையோடு ஒருவர் ஓடி வந்தார். "கேற் எண்டு கவனிக்கேல்லை அக்கா."

"வேற என்னெண்டு நினைச்சனீங்கள்?" என்று கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று நினைவு வந்தது.

கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளை விம்மிக்கொண்டு நின்றது. அதன் தோளில் கையைப் போட்டபடி அபி சொல்லிக்கொண்டிருந்தாள்: "அழாதை. அம்மாமார் வந்திட்டினம்."