டிராக்டரில் போன நடுகல்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் பெய்த மழையில், கள்ளக்குறிச்சியில் இருந்த எங்கள் சின்ன மியூசியத்தின் பின்சுவர் இடிந்து விழுந்தது. மியூசியத்தைப் பார்த்துக்கொண்டவர் என் அத்தை. பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். சுவரை எழுப்பிக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். உள்ளே நொறுங்கிய பொருள்களைக் கேட்பாரில்லை. களிமண்ணில் செய்துவைத்திருந்த கல்வராயன் மலைக் குடிசையும் தினைக்கொல்லையும் கரைந்து ஓடிவிட்டன. வெள்ளிமலைப் பக்கம் கிடைத்த முதுமக்கள் தாழிகள் சில்லுசில்லாகக் கிடந்தன. முழுசாகத் தப்பியது ஒரு நடுகல். களவுபோன மாடுகளை மீட்கப் போய்ச் செத்த ஒருவனுக்காக நட்ட கல்; கையில் வில், காலடியில் ஒரு மாடு.

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. மாமாவின் டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பி நடுகல்லை ஏற்றினார். எலவனாசூர்கோட்டைக் கோயில் விசேஷத்துக்கு வரும் கூட்டத்தில் அதைக் காட்டி நன்கொடை திரட்டுவது என்று ஏற்பாடு. உண்டியல் என் மடியில்.

தியாகதுருகம் தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் வெட்டிக் கிடந்தது. இடஒதுக்கீட்டு மறியல். மரத்துக்கு அந்தப் பக்கம் கோடாலியோடு இளைஞர்கள்; இந்தப் பக்கம் இரண்டு பஸ்கள், இறங்கி நின்று முறைத்துக்கொண்டிருந்த சனங்கள். திரும்பிவிடலாம் என்றார் மாமா. அத்தை டிரெய்லரின் பின்கதவை இறக்கச் சொன்னார்.

"கூட்டம் இங்கயே இருக்குது. அங்க இன்னாத்துக்குப் போவணும்?"

பேச ஆரம்பித்தார். பொழுதுபோகாத சனம் வந்து சூழ்ந்துகொண்டது. வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, இவன் எந்த ஜாதி என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒங்க ஆளுங்கதாங்க. பாத்தா தெரியலியா?"

பெரியவர் நிமிர்ந்து நின்று உண்டியலில் காசு போட்டார். கொஞ்ச நேரத்தில் மரத்தைத் தாண்டி வந்த கோடாலிக்காரர் ஒருவர் அதையே கேட்டார். அத்தையும் அதையே சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வகுப்பில் பொய் சொன்னால் முட்டி போடவைக்கும் டீச்சர் அவர்.

பெரியவர் காதில் அது விழுந்துவிட்டது.

"இன்னாம்மா, எங்க ஆளுன்னு சொல்லிட்டு, அந்த ஆளுக்கும் அதையே சொல்ற?"

கோடாலிக்காரர் திரும்பினார். பின்னாலிருந்தவர்களும் மரத்தைத் தாண்டி வந்தார்கள். பஸ்காரர்களில் யாரோ ரோட்டோரத்துக் கல்லைக் கையில் எடுத்தார்கள். மாமா டிராக்டரிலிருந்து குதித்தார். அத்தை மட்டும் நடுகல்லின் தோள்மேல் கையை வைத்தபடி நின்றார்.

"ரெண்டு பேருக்கும் சொன்னது நெசந்தான். மாடு போவுதேன்னு ஓடுனான் இவன். யாரு வூட்டு மாடுன்னு கேட்டுக்கினா ஓடுனான்? நீங்க வேணாம்னா சொல்லுங்க, இங்கயே எறக்கிட்டுப் போறேன்."

 கோடாலிக்காரர் கல்லின் காலடி மாட்டைக் குனிந்து பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் இருந்ததை வழித்து உண்டியலில் போட்டார். பெரியவருக்கு அது பொறுக்கவில்லை, மறுபடி போட்டார். அதைப் பார்த்து அவருடைய பஸ், இவருடைய கூட்டாளிகள் என்று போட்டி கிளம்பியது. கைகலப்பாக முடியவேண்டியது உண்டியல் கொள்ளாத நன்கொடையாக முடிந்தது. கடைசியில் கோடாலிக்காரர்களே டிரெய்லரைத் தள்ளி, எங்கள் வண்டி திரும்ப வழி செய்தார்கள். அடுத்த வருஷமே தாழிகள் ஒட்டப்பட்டு, மலைக்குடிசை இந்தமுறை சிமெண்டில் எழுந்தது.

அன்று திரும்பும் வழியில் எனக்கு அத்தைமேல் கோபம். ஒரே ஆள் எப்படி எல்லாருக்கும் முப்பாட்டனாக முடியும் என்று கேட்டேன். அவர் உண்டியலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வைக்கோலில் உட்கார்ந்து என் தோளைப் பிடித்திருந்த அவர் கை ஆடிக்கொண்டே வந்தது. டிராக்டர் குலுக்குகிறது என்று நினைத்தேன். வாசலில் வந்து மாமா இஞ்சினை நிறுத்திய பிறகும் கை ஆடியது. அத்தைக்குக் குளிருகிறது போல என்று, உள்ளே ஓடிப் போர்வை எடுத்துவந்து போர்த்திவிட்டேன்.