பசை அக்காவின் நாற்பது நிமிடங்கள்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் பசை அக்கா. நோயாளியின் தலையில் இருபத்தொரு ஒயர்களைப் பசை வைத்து ஒட்டி, மூளையின் அலைகளைக் கணினியில் பதிவு செய்வது அவர் வேலை. முடிந்ததும் வெந்நீரில் துணி நனைத்துப் பசையைத் துடைத்து, விரலாலேயே சிக்கெடுத்துவிடுவார். அதெல்லாம் நோயாளியின் வீட்டார் செய்ய வேண்டிய வேலை. சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

கெட்ட பழக்கம் ஒன்றும் உண்டு. இருபது நிமிடப் பதிவை இழுத்துக்கொண்டே போவார். மங்கலான அறை, மெல்லச் சுற்றும் மின்விசிறி, திரையில் நகர்ந்துகொண்டே இருக்கும் கோடுகள். பார்க்கப் பார்க்கச் சுவர்களெல்லாம் கரைந்துவிடும். நேரம் போவதே தெரியாது. மேலதிகாரி இரண்டு முறை டோஸ் விட்டும் திருந்தவில்லை.

அன்று மதியம் ஒரு கணக்கு டீச்சரைக் கொண்டுவந்தார்கள். வயது இருபத்தாறு. மூன்று வாரம் முன்பு கரும்பலகையோடு சண்டை போட்டவர், இப்போது பேசுவதேயில்லை. வாய் மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது. மனநோய் என்று முடிவு கட்டி, நாலு மணி வண்டியில் மனநலக் காப்பகத்துக்கு அனுப்பக் கையெழுத்தும் ஆகிவிட்டது. ஃபைலில் ஒரு தாள் குறைந்ததால்தான் இந்தப் பதிவு. கதவோரம் நின்ற அண்ணன் மெல்லக் கேட்டான்.

"அங்க போனா திரும்பி வருவாளா அக்கா?"

அக்கா முதல் ஒயரை எடுத்துப் பசை தடவினார்.

இருபது நிமிடம் ஆனது. புதிதாக ஒன்றும் தெரியவில்லை. அக்கா வழக்கம்போலக் கோடுகளோடு போய்விட்டார். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் பெரிய சோம்பேறி அலைகள் எழுந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் பொடிப்பொடியாக வேக அலைகள். ஒயர் தளர்ந்திருக்கும் என்று பிடுங்கி மறுபடி ஒட்டினார். அதேதான். பயிற்சி வகுப்பில் ஒரே ஒரு முறை பார்த்த படம்.

நரம்பியல் டாக்டரின் அறைக்கு ஓடினார். "வண்டிய நிறுத்தச் சொல்லுங்க டாக்டர். இது மனசு இல்ல, மூளைன்னு தோணுது. நீங்களே வந்து பாருங்க."

டாக்டர் பார்த்தார். வண்டி காலியாகத் திரும்பியது. முதுகுத்தண்டு நீரைச் சோதித்ததில் உண்மை தெரிந்தது: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் அபூர்வ அழற்சி. ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், ரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். தேறி வர ஐந்து மாதம் ஆனது.

மறுபரிசோதனைக்கு டீச்சர் தானே நடந்து வந்தார். அண்ணன் அக்காவைக் காட்டி நடந்ததைச் சொன்னான். டீச்சருக்கு எதுவும் நினைவில்லை. வார்டு, ஊசி, முகங்கள், எதுவுமே. சங்கடமாகச் சிரித்தார். மறந்ததே நல்லது என்று சொல்லி அக்கா ஒயர்களை ஒட்டினார்.

பதிவு முடிந்தது, கோடுகள் ஒழுங்காக ஓடியிருந்தன. வெந்நீரில் துடைத்துச் சிக்கெடுக்கத் தொடங்கியதும் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது ஞாபகம் இருக்கு," என்றார். "அந்த மாசத்துல இது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு. எங்கம்மான்னு நினைச்சேன். அவங்க போய் எட்டு வருஷம் ஆச்சு."

வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டினார். அக்கா இன்னொரு சிக்கை எடுக்கத் தொடங்கினார்.