தக்காளி விலையும் ஒரு மன்னிப்பும்

"மன்னிச்சுக்குங்க சார்... செருப்பை எங்க வுடறது?"

இப்படிக் கேட்டுக்கொண்டேதான் அந்தப் பெண்மணி எங்கள் ஆபீஸுக்குள் வந்தார். உட்காரச் சொன்னேன். "மன்னிச்சுக்குங்க, சேரு ஈரமாயிடும்" என்றார். வெளியே மழை. தண்ணீர் கொடுத்தேன். தொந்தரவு கொடுப்பதற்காக இன்னொரு மன்னிப்பு. விஷயத்துக்கு வருவதற்குள் எனக்கே கூச்சமாகிவிட்டது.

எங்கள் மாவட்டத்தில் இது சகஜம்தான். பேச்சை ஆரம்பிப்பதே இப்படித்தான். ஊர்க்கூட்டத்தில் ஒருவர் மேல் புகார் வந்தால், அவர் எழுந்து நின்று முதலில் சொல்வது, "தப்பா ஏதாச்சும் இருந்தா மன்னிச்சுக்குங்க." அதற்குப் பிறகுதான் சண்டையே ஆரம்பிக்கும்! குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று யாரும் நினைப்பதில்லை. மேடையில் பேசுகிறவர் தொண்டையைச் செருமிக்கொள்வதில்லையா... அந்த மாதிரி.

வந்தவர் பெயர் ஜெயசீலி. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். தக்காளி போடுகிற குடும்பம். எங்கள் அமைப்பைப் பற்றி அவர்கள் சர்ச்சில் யாரோ சொல்லி, விலாசம் வாங்கி, பஸ் ஏறி வந்திருக்கிறார்.

அமைப்பு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தர்மபுரியில் ஒரு டிராவல்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஐந்தாறு பேர். காப்பிரைட், இன்டர்நெட் சட்டதிட்டங்கள் — இவற்றில் சாதாரண ஜனங்களின் பக்கம் நின்று பேசுவது எங்கள் வேலை. அரசாங்கம் புது விதி கொண்டுவரும்போது 'பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்கலாம்' என்று ஓர் அறிவிப்பு வருமே, பார்த்திருக்கிறீர்களா? அதைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு நிஜமாகவே கருத்துத் தெரிவிக்கிற பொதுமக்கள் நாங்கள்தான்.

"இதுல என்னப்பா வரும்?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். சில சமயம் பதில் வரும் என்பேன்.

ஜெயசீலி விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் தினமும் விடியற்காலையில் பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போய் நிற்பார். ஏலம் நடக்கும். எந்தத் தரம், பெட்டி என்ன விலைக்குப் போனது என்று காதால் கேட்டு, அங்கேயே ஓர் ஓரமாக நின்று போனில் வீடியோ எடுத்துத் தன் சேனலில் போடுவார். முதலில் தமிழில். பிறகு எல்லையோர ஊர்க்காரர்களுக்காகக் கன்னடத்தில். முடிந்தது. பாட்டு கிடையாது, மியூசிக் கிடையாது. பின்னால் டெம்போ ஹாரன் மட்டும் உண்டு.

இதை யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறீர்களா? தோட்டத்தில் பழுத்த பழத்தோடு நிற்பவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். இன்று பறிப்பதா, ஒரு நாள் செடியிலேயே விடுவதா, பாலக்கோட்டுக்கு ஏற்றுவதா, வேறு மண்டிக்கு அனுப்புவதா? அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் வண்டிக்குப் போன் போடுவார்கள். விலை தெரியாமல் கொண்டுபோய், வண்டி வாடகைக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்த அனுபவம் இங்கே யாருக்குத்தான் இல்லை? ஜெயசீலி வீட்டுக்கும் உண்டு. அதற்கப்புறம்தான் இந்த சேனலையே ஆரம்பித்திருக்கிறார்.

அந்த சேனலைத்தான் பூட்டிவிட்டார்கள்.

காய்கறி விலை சொல்கிற ஆப் நடத்தும் ஒரு கம்பெனி, வீடியோ தளத்துக்குப் புகார் அனுப்பியிருந்தது. 'எங்கள் ஆப்பில் வெளியாகும் விலைப்பட்டியலை இந்த சேனல் தினமும் அப்படியே வாசிக்கிறது. இது எங்கள் காப்பிரைட்.' வீடியோக்கள் தூக்கப்பட்டன. புதிதாக எதுவும் போட முடியாது. புகார் உறுதியானால் சேனலே போய்விடும்.

"பதில் ஏதாவது போட்டீங்களாம்மா?"

"போட்டேங்க சார். 'உங்க வெளக்கத்தச் சொல்லுங்க'ன்னு ஒரு கட்டம் வந்துச்சு. அதுல போட்டேன்."

போனை வாங்கிப் பார்த்தேன்.

'வணக்கம் சார். நாங்க தெரியாம ஏதாச்சும் தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுக்குங்க. நான் தினமும் மண்டியில நேர்ல கேட்டுத்தான் சொல்றேன். பெரிய மனசு பண்ணி சேனலைத் தொறந்து வுடுங்க.'

இதற்குக் கம்பெனி அனுப்பிய பதில் ஒரே வரி. 'சேனல் உரிமையாளர் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியிருப்பதால், எங்கள் புகாரில் உறுதியாக இருக்கிறோம்.'

"என்னாங்க சார் இது? மரியாதைக்குச் சொன்னதப் போயி..." என்றார் ஜெயசீலி. கண் கலங்கிவிட்டது.

பாலக்கோட்டு மரியாதை அந்தக் கட்டத்துக்கு எப்படிப் புரியும்? அதைச் செய்தவர்கள் யாரும் இங்கே ஓர் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்ததில்லையே. இதைத்தான் நாங்கள் கருத்துக்கேட்பு வரும்போதெல்லாம் எழுதி எழுதி அனுப்புகிறோம். புகார் கொடுப்பது சுலபம், பதில் சொல்வது கஷ்டம் என்று ஏன் வைத்திருக்கிறீர்கள்? பதில் எழுதுகிறவருக்கு, எழுதுவதன் விளைவை அவர் பாஷையில் சொல்ல வேண்டாமா? பொய்ப் புகார் கொடுத்தவருக்கு ஏதாவது தண்டனை உண்டா? கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

சரி... நான் உற்சாகமாகிவிட்டேன். சட்டப்படி இது மிகச் சுலபமான விஷயம். ஒருவர் எழுதிய கதைக்குக் காப்பிரைட் உண்டு. ஒருவர் எடுத்த போட்டோவுக்கு உண்டு. ஆனால் மண்டியில் தக்காளி என்ன விலைக்குப் போனது என்பது ஒரு நடப்பு. நடந்த விஷயத்தை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. மழை பெய்தது என்பதற்கு ஓனர் உண்டா?

"கவலையே படாதீங்கம்மா. நீங்க அவங்க ஆப்பைப் பார்த்தே விலையைச் சொல்லியிருந்தாலும் தப்பில்லை. அப்படியே எழுதிடலாம்" என்றேன்.

ஜெயசீலியின் முகம் மாறியது.

"சார், மன்னிச்சுக்குங்க. பார்த்திருந்தாலும்னா என்னாங்க அர்த்தம்?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்மா."

"பேச்சுக்குக்கூட சொல்லாதீங்க. நான் எதுக்குங்க அவங்களதப் பாக்கணும்? இருட்டோட எழுந்து போறவ நானு. பனியில நின்னு கேக்கறவ நானு. நீங்களே நான் காப்பி அடிச்சேன்னு எழுதுவீங்களா?"

"சட்டத்துல அது ரொம்ப பலமான பாயின்ட்..."

"பாயின்ட் உங்களுக்கு. பேரு எனக்குங்க சார். அந்த மனுசி ஆப்பைப் பாத்து வாசிக்கறான்னு ஊருக்குள்ள பேச்சு வந்துச்சுன்னா, அப்புறம் எவன் சார் என் வெலைய நம்பி வண்டி ஏத்துவான்?"

கட்சிக்காரர் ஜெயித்தால் போதும் என்பதில்லையே... எப்படி ஜெயித்தார் என்பதும் அவருடைய கவலை. எங்களைப் போன்ற கொள்கைக்காரர்களுக்கு இது கொஞ்சம் லேட்டாகத்தான் உறைக்கும்.

கடைசியில் இரண்டையும் எழுதினோம். 'விலை என்பது நடப்பு, அதற்குக் காப்பிரைட் கிடையாது' என்பது என் பாயின்ட். 'நேரில் கேட்டுத்தான் சொல்கிறேன்' என்பது அவருடையது. அவருடையதை முதலில் போடச் சொன்னார். போட்டேன். முன்பு கேட்ட மன்னிப்பு எங்கள் ஊர் வழக்கப்படி சொன்ன முகமன், ஒப்புதல் அல்ல என்றும் ஒரு பாரா. அதை ஆங்கிலத்தில் எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அனுப்பிய சில நாளில் கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து ஒருவர் எனக்குப் போன் செய்தார். நல்ல தமிழ். நல்ல மரியாதை.

"சார், இதை இழுக்க நாங்களும் விரும்பலை. அந்த அம்மா ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்துடட்டும். இனிமே இப்படி நடக்காதுன்னு ஒரு வரி. நாளைக்கே புகாரை வாபஸ் வாங்கிடறோம்."

நாளைக்கே!

அது பறிப்பு உச்சத்தில் இருந்த நேரம். சேனல் இல்லாததால் பார்வையாளர்கள் எல்லோரும் ஜெயசீலியின் போனுக்கே கூப்பிட்டு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. போன் கிடைக்காதவர்கள் குத்துமதிப்பாக வண்டி ஏற்றினார்கள். ஒருவர் மொத்த லோடையும் விலை விழுந்த நாளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, இவரிடம் வந்து புலம்பியிருக்கிறார்.

இந்த நிலைமையில் ஒரு வரிதானே? அதுவும் பேச்சுக்குப் பேச்சு மன்னிப்புக் கேட்கிறவர். எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடப்போகிறது? உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நேரில் போய்ச் சொன்னேன்.

ஜெயசீலி தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"மாட்டேங்க."

"ஒரு வரிதாம்மா..."

"நானா சொன்னா அது மரியாதைங்க. அவங்க கேட்டு நான் எழுதிக் குடுத்தா, அது திருட்டை ஒத்துக்கறது. ரெண்டும் ஒண்ணாங்க சார்?"

"சேனல் போயிடுமேம்மா?"

"போவட்டுங்க. நடுரோட்டுல நின்னு மைக்குல சொல்லிட்டுப் போறேன்."

கட்டிய தொண்டையோடு மைக்கில் சொல்கிறேன் என்கிறவரிடம் என்ன பேச? கம்பெனிக்காரரிடம் 'மாட்டாராம்' என்றேன். அவரும் மரியாதையாகவே போனை வைத்தார்.

அதன் பிறகு காத்திருப்புதான். எங்கள் மறுப்பு முறைப்படி போய்விட்டது. கம்பெனி தன் உரிமையை நிரூபிக்க வேண்டுமென்றால் இனி கோர்ட்டுக்குப் போக வேண்டும். கோர்ட்டுக்குப் போய் என்ன சொல்வார்கள்? பாலக்கோடு தக்காளி விலையை நாங்கள் இயற்றினோம் என்றா? போகவில்லை. அதற்கு இருந்த கெடுவும் முடிந்தது. போன வாரம் ஒரு நாள், சத்தமில்லாமல், எல்லா வீடியோக்களும் திரும்ப வந்துவிட்டன. ஒரு வருத்தம் தெரிவித்தார்களா? ஊஹூம்.

மறுநாள் விடியற்காலையில் நானும் மண்டிக்குப் போனேன். சந்தோஷம்தான், வேறென்ன! எங்கள் வேலையில் ஜெயித்ததை நேரில் பார்க்கிற வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை. நாங்கள் அனுப்புகிற கருத்துகள் எந்த அலமாரியில் தூங்குகின்றன என்றுகூடத் தெரியாது. இங்கே, கண்ணெதிரே ஏலம் நடக்கிறது, ஒரு பெண் அதைக் காதில் வாங்கி ஊருக்குச் சொல்கிறார். பார்க்க நிறைவாக இருந்தது.

வீடியோ போட்டு முடித்தார். டீ வாங்கினோம். ஒரு வாய் குடித்திருப்பார்... அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் மேடம். நான் அந்த ஆப் கம்பெனியில இருந்து பேசறேங்க. பாலக்கோடு ஏரியா நான்தான் பாக்கறேன். வூடு பென்னாகரங்க."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"சேனல் திரும்ப வந்துடுச்சுங்களே, ரொம்ப சந்தோசம் மேடம். புகார் போட்டது மேல இருக்கறவங்க. எனக்குத் தெரியவே தெரியாதுங்க. இவ்ளோ நாளு ரொம்பக் கஷ்டமாப் போச்சு."

"உங்களுக்கு என்னாங்க கஷ்டம்?"

"இல்லீங்க... அங்கிருந்து தெனமும் மண்டிக்கு வந்து சேர முடியறதில்ல. உங்க வீடியோவ வெச்சுத்தான் ஆப்புல வெல ஏத்திக்கிட்டிருந்தேன். ஒரு சின்ன ரிக்வெஸ்ட்டுங்க மேடம்... கொஞ்சம் சீக்கிரமாப் போட முடியுங்களா?"

ஆக, ஜெயசீலியின் வீடியோவிலிருந்து விலை ஆப்புக்குப் போயிருக்கிறது. ஆப்பில் இருப்பதும் வீடியோவில் இருப்பதும் ஒன்றாக இருக்கவே, இவர் திருடுகிறார் என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்! நான் எழுந்து நின்று, 'அவரைப் பேச விடுங்க, பேச விடுங்க' என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டினேன்.

ஜெயசீலி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நிதானமாகச் சொன்னார்.

"ஏலம் இங்க சத்தமாத்தாங்க போடறாங்க. பஸ்ஸு இருக்குது. வந்து பக்கத்துல நின்னு கேளுங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"வர்றேங்க மேடம். ஏதாச்சும் தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க."

"பரவால்லீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, ஜெயசீலி மீதி டீயைக் குடித்தார்.

பென்னாகரத்துக்காரர் மரியாதைக்குச் சொன்னார். பாலக்கோட்டுக்காரர் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். நான் மட்டும்தான், கம்பெனிக்காரர் மன்னிப்புக் கேட்ட தேதியையும் நேரத்தையும் அவசரமாகக் குறித்துக்கொண்டேன்!