காரம் போடாத நான்கு

அந்த வெள்ளிக்கிழமை, செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்தில், நான் வேலை பார்க்கும் பள்ளியில், மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் போன் செய்தார். பள்ளி நேரத்தில் அவர் கூப்பிடுவதே இல்லை. "அண்ணி போயிட்டாங்க சுமதி. கடையத் தொறக்கும்போதே நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. நீ கெளம்பி வா" என்றார். அண்ணி என்று அவர் சொன்னது என் ஓரகத்தி வசந்தா அக்காவை. செஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. அக்காவும் நானும் பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது. என்மேல் கோபத்தோடேயே போய்விட்டாரா என்று இனி யாரிடம் போய்க் கேட்பது?

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே அவருடைய ஜெராக்ஸ் கடையில் ஒருமுறை நின்றவர்கள்கூட அக்காவை மறந்திருக்க மாட்டார்கள். ஐந்து பேர் ஒரே நேரத்தில் தாளை நீட்டுவார்கள். ஒருவருடைய நகலில் மேல்மூலையை மடிப்பார், அடுத்தவருடையதில் கீழ்மூலையை, இன்னொருவருடையதற்குப் பச்சை கிளிப். "யாருது எதுன்னு கலந்துடக் கூடாது" என்பார். கோட்டைக்கு வழி கேட்டு வருகிறவர்களிடம் வழியைச் சொல்வதற்கு முன்னால், "தண்ணி பாட்டில் வெச்சிருக்கீங்களா? மேல ஒன்னும் கெடைக்காது" என்று அதட்டுவார். தளவானூர் பெரியவர் ஒருவருடைய பட்டா நகலில் கடைசி வரி விழாமல் போனதை அவர் கிளம்பிய பிறகுதான் கவனித்தார். உடனே கடையை என் தலையில் கட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். வந்து பார்த்தபோது நான் மெஷினில் நாலு தாளைச் சிக்க வைத்திருந்தேன். "டீச்சர் வேலைக்கே போ தாயே" என்று கும்பிட்டார்.

சீஸ் குரோக்கெட் எங்கள் குடும்பத்துக்குள் வந்தது அக்காவின் மகன் கோகுலால். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கேயோ சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு மணி நேரம் அதன் பெருமையைப் பேசினான். "உருளக்கெழங்குக்குள்ள சீஸ வெச்சு சுடறதுக்கா இம்மாம் பேச்சு?" என்று மறுநாளே இறங்கிவிட்டார் அக்கா. கிழங்கைக் குக்கரில் வேகவைத்து, சூட்டோடு மசித்து, சீஸ் துண்டை உள்ளே வைத்து, மைதாக் கரைசலில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி எண்ணெயில் போட்டோம். எல்லாம் வெடித்துச் சிதறின. அடுத்த வாரம் அக்கா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மசிக்கும் முன் வெந்த கிழங்கை, கடையிலிருந்து கொண்டுவந்த ஏ-ஃபோர் தாளில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம் வைத்தார். "ஈரம் போவாம உள்ள எதையும் வெக்காத" என்றார். உருட்டியதையும் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் பொரிப்பார். எண்ணெய் காய்ந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடவும் விடமாட்டார். "மொதல்ல ஒன்ன விடு. அதுவே சொல்லும்."

ஆளாளுக்கு ஒரு ருசி. கோகுலுக்குப் பச்சைமிளகாய் வேண்டும், அக்கா வீட்டுக்காரர், என் வீட்டுக்காரர் என்று அண்ணன் தம்பி இருவருக்கும் மிளகு, என் மகள் யாழினிக்கு சீஸ் இரண்டு மடங்கு. எனக்கு வயிற்றுப்புண், காரமே ஆகாது. ரஸ்க் தூளில் புரட்டிய பிறகு எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாதே! அக்கா கடை மூளையை அடுப்படிக்குக் கொண்டுவந்தார். கோகுலுக்கு உருண்டை, ஆண்கள் இருவருக்கும் தட்டை, யாழினிக்குக் குட்டி, எனக்கு விரல் போல நீளம். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் தட்டிலும் மாறி விழுந்ததே இல்லை. அவருக்கென்று மட்டும் ஒரு வடிவம் வைத்துக்கொள்ளவில்லை. எது மிஞ்சுகிறதோ அதைச் சாப்பிடுவார்.

சண்டையும் இதில்தான் வந்தது. ஒரு ஞாயிறு என் வீட்டில் நானே செய்கிறேன் என்று கிளம்பினேன். அவசரத்தில் கிழங்கை ஆறவிடவில்லை. ஒன்றை விட்டுப் பார்க்கவும் இல்லை. சட்டி முழுக்க சீஸும் கிழங்கும் பிரிந்து மிதந்தன. பின்னால் நின்ற அக்கா, "இன்னாடி இது, கிச்சடியா? தள்ளு, நான் போடறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், யாழினி உட்பட. எனக்குச் சுருக்கென்றது. "எல்லாரும் உங்களையே காப்பி எடுக்கணுமா? இது என் வீடு. உங்க ஜெராக்ஸ் கடை இல்ல" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கடைதான் அவர் பதினெட்டு வருடம் நின்றே சம்பாதித்த மரியாதை. அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "செரி. இனிமே உன் அடுப்புப் பக்கம் நான் வரல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. முதலில் வீம்பு, பிறகு வெட்கம், அப்புறம் போகாமலிருப்பதே பழகிவிட்டது. பொங்கலன்று அவர் வீட்டுப் பொங்கல் மாமா கையில் வந்தது. மாமா என்றால் அக்காவின் கணவர், என் வீட்டுக்காரரின் அண்ணன். அக்கா வரவில்லை. கூடத்தில் கிடத்தியிருந்தபோது, அவர் முகத்தில் கோபம் தெரிகிறதா என்று வெட்கமில்லாமல் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை.

எங்கள் பக்கம் கருமாதி முடியும்வரை சாவு வீட்டில் எண்ணெய்ச்சட்டி வைக்க மாட்டோம். பதினாறாம் நாள் படையலுக்கு வடை சுடும்போதுதான் மறுபடி அடுப்பில் ஏறும். அன்று காலை பால் வைக்க இடம் பண்ணலாம் என்று கோகுல் ஃப்ரிட்ஜை ஒழித்தான். "நைனா, ஃப்ரீசர்ல இது இன்னா?" என்று ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து நீட்டினான். ரப்பர் பேண்டு போட்டிருந்தது. நான்தான் திறந்தேன். மேலே உருண்டைகள். ஒரு ஏ-ஃபோர் தாள். அதன் கீழ் தட்டையானவை. இன்னொரு தாள். குட்டிகள். கடைசித் தாளை எடுக்க எனக்குக் கை வரவில்லை. எடுத்தேன். அடியில் நீளமாக நான்கு.

சண்டைக்கு முன்னால் செய்து வைத்ததாக இருக்கலாம் என்று உடனே மனம் சந்தேகப்பட்டது. "மாமா, அக்கா இத எப்ப செஞ்சாங்க?" என்று கேட்டேன்.

மாமா டப்பாவை எட்டிப் பார்த்தார். "இதுவா? அவ போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் சுமதி, புதன்கிழமை. கோகுலு வர்றான், ஞாயித்துக்கெழம எல்லாரையும் கூப்புடணும்னா. சண்டைய மறந்துட்டியா, சுமதியயுமா கூப்புடப் போறன்னு கேட்டேன். 'அவளுக்குத்தான் மொதல்ல தனியா பெசஞ்சேன், காரம் போட்ட கையால பெசஞ்சா அவளுக்கு ஆவாது'ன்னா. எனக்கு இருந்த துக்கத்துல உங்கிட்ட சொல்லணும்னே தோணல."

நான் அங்கேயே ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பதினாறு நாளாக வராத அழுகை. சுற்றியிருந்தவர்கள் துக்கம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கல்லவா தெரியும், நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது என்று!

அன்று மாலை வடை சுட்டு முடித்ததும் அதே சட்டியில் நான் நின்றேன். முதலில் என்னுடைய நீளத்தில் ஒன்றை மட்டும் விட்டேன். வெடிக்கவில்லை. பொன்னிறமாகத் திரும்பியது. அதை அக்காவின் படையல் இலையில் வைத்தேன். இரண்டாவது என் தட்டில் விழுந்தது. காரம் துளிகூட இல்லை. சீஸ் மட்டும் சுடச்சுட நூலாக இழுபட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடும்பத்துக்கும் நான்தான் செய்கிறேன். அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தப் பக்குவம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதுவல்ல. யாரோடு மனஸ்தாபமோ அவர்களுடையதை முதலில் பிசைய வேண்டும் என்பதைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். போன வாரம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மூன்று நாள் பேச்சில்லை. ஞாயிறு காலை மிளகைப் பொடித்து, தட்டையாக ஆறு தட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுடையதைத் தொட்டேன்.