அக்காளுக்கு வாங்கிய கும்பா

லண்டனில் வெள்ளைக்கார ராஜாவுக்குப் பட்டம் கட்டிய சந்தோஷத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்த வருஷம், எனக்கு ஒரு அக்காள் வரப்போவதாக வீட்டில் சொன்னார்கள். தங்கைதானே பிறக்கும், அக்காள் எப்படிப் பிறப்பாள் என்று கேட்டேன். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து பிறந்து போய்விட்டன. இனிமேல் வழியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அப்பா பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளி உபாத்தியாயர். பெண்பிள்ளைகள் விடுதியை நடத்திவந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாள்தான் அந்தப் பெண்ணைப் பற்றி அவரிடம் சொன்னது. பத்து வயது. தாயும் தகப்பனும் வாந்திபேதியில் போய், சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் எடுபிடியாகக் கிடந்து, முதுகெல்லாம் சூடு வாங்கிய பிள்ளை. யாரோ இரக்கப்பட்டு விடுதியில் கொண்டுவந்து விட்டுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு மாதம் எங்கள் வீட்டில் இருக்கட்டும், மனம் ஒத்துப்போனால் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து எங்களுக்கே பிள்ளையாகத் தந்துவிடுவது என்று ஏற்பாடு. மிஸ்ஸியம்மாள் ஒரே ஒரு கண்டிப்புதான் செய்தார். பழையதைப் பற்றி யாரும் அவளிடம் வாய் திறக்கக் கூடாது.

வீடு அமர்க்களப்பட்டது. அம்மா தன் கல்யாணப் பட்டுச்சேலையைக் கிழித்துப் பாவாடை தைத்தாள். அப்பா டவுன் கடைத்தெருவுக்குப் போய், நான் சோறு தின்கிற வெண்கலக் கும்பாவைப் போலவே இன்னொன்று வாங்கி வந்தார். ஒரு பிள்ளைக்குப் பெரிது, ஒரு பிள்ளைக்குச் சிறிது என்று இருக்கக் கூடாதாம். நான் எங்கள் கோழியைப் பார்த்து “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டுப் பழகினேன். எங்களோடு இருந்த அப்பாவின் அக்காள், என் அத்தை, மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். “வளந்த பிள்ள. எங்கயோ அடிபட்டு வருது. நம்ம கூட ஒட்டுமா?” என்று தினம் ஒருமுறையாவது கேட்டுவிடுவாள்.

அக்காள் வந்தாள். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள். எல்லாருக்கும் முன்னால் எழுந்து முற்றம் பெருக்கினாள். அம்மா விளக்குமாற்றைப் பிடுங்கினால் நடுங்குவாள். சாப்பாட்டில்தான் தகராறு. அம்மா கும்பா நிறையப் பிசைந்து கொடுப்பாள். அக்காள் பசியோடுதான் தின்பாள், ஆனால் கடைசியில் ஒரு கைப்பிடிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். ஒவ்வொரு வேளையும் இதே கதை. அத்தை அதை எடுத்துக் கோழிக்குப் போடுவாள். போடும்போது அம்மாவை ஒரு பார்வை பார்ப்பாள்.

அம்மா குழம்பைக் கூட்டிப் பார்த்தாள், கருவாடு பொரித்துப் பார்த்தாள். மிச்சம் மிச்சமாகவே இருந்தது. ஏன் வைக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பழையதைத் தொட்டுவிடுமோ என்ற பயத்தில் பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை. எனக்குப் பயம் ஒன்றுமில்லையாதலால் நான் கேட்டேன்.

அக்காள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். “முந்தி இருந்த வீட்டுல நான் தப்பு செஞ்சா, எனக்கு அளந்த அரிசில ஒரு கைப்பிடி திரும்ப எடுத்துருவாக. இங்கன அம்மா எல்லாருக்கும் அளந்த அரிசில எடுக்காக. கண்ண மூடி என்னமோ சொல்லிக்கிட்டே எடுக்காக. நான் வந்ததால உங்க எல்லாருக்கும் கொறையுது. அதான் என் பங்க வச்சிருதேன்.”

அம்மா எடுத்தது கைப்பிடி அரிசி. உலைக்கு அரிசி அளந்ததும் ஒரு கைப்பிடியை ஜெபம் சொல்லித் தனிப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோவார்கள். எங்கள் சபையில் எந்த வீட்டிலும் உள்ள வழக்கம். மூச்சு விடுவதைப் போன்ற காரியத்தை யார் யாருக்கு விளக்குவார்கள்? நானும் அது எதற்கு என்று யோசித்தவள் இல்லை. அக்காள் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது.

மாதம் முடியும் முன்னே மிஸ்ஸியம்மாள் வந்தார். “உனக்கு இந்த வீட்டில் இருக்கப் பிரியமா?” என்று கேட்டார். அக்காள் தரையைப் பார்த்துக்கொண்டு, “இருக்கச் சொன்னா இருக்கேன்” என்றாள். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. “நம்ம வீட்டுச் சோறே அவளுக்கு எறங்கல. மனசில்லாத பிள்ளையப் பிடிச்சு வைக்கப்படாது” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்காள் தன் கும்பாவைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். வாசலில் என் காதருகே குனிந்து, “ஏளா, இனி ஒனக்கு நெறையச் சோறு கெடைக்கும்” என்றாள். மிஸ்ஸியம்மாளின் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

அம்மா சில நாள் அடுப்படிக்கே வரவில்லை. மறுபடி அவள் அரிசி அளந்த அன்று, கைப்பிடி எடுப்பதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. “அக்காதான் போயாச்சுல்லா, இன்னும் எதுக்கு எடுக்கிய?” என்றேன். அம்மாவுக்குப் புரியவில்லை. அக்காள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அம்மாவின் மூடிய கை பானைக்கு மேல் நின்றது. பிறகு அந்த அரிசி பொலபொலவென்று பானைக்குள்ளேயே விழுந்தது.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே விடுதிக்கு ஓடினார். இருட்டிய பிறகு தனியாகத் திரும்பினார். கொழும்புக்குப் போன ஒரு குடும்பம் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பெண் கேட்டிருந்ததாம். அவளை அனுப்பிவிட்டார்களாம். தூத்துக்குடியில் கப்பல் ஏறி இரண்டு நாள் ஆயிற்றாம்.

அன்று யாரும் சாப்பிட உட்காரவில்லை. அத்தை எனக்கு மட்டும் கும்பாவில் குவித்துப் போட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். அக்காள் சொன்னது பலித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றேன். உள்ளே அம்மா அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் இவ்வளவு சோறு இருக்கும்போது எதற்காக அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.