சத்தம் போன கம்ப்யூட்டர்

கப்பலில் வேலை பார்ப்பவரின் மனைவி அந்த அம்மா. நீலச் சேலை, மணிக்கட்டில் சுற்றிய ஜெபமாலை. கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை என்று கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் என்னைத் தூத்துக்குடியில் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கணவர் வீடியோ காலில் வந்ததும் தினமும் கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் கையை விரிப்பாராம். அப்புறம் இருவருக்கும் சைகையில்தான் பேச்சு.

“போன்ல பேசலாமே?” என்றேன்.

“அதுல அவரு மொகம் தீப்பெட்டி அளவுதான தெரியுது!”

கம்பெனியிலிருந்து முழுசாகச் சேர்த்தே வந்த கம்ப்யூட்டர். சத்தத்தை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் திரும்பத் திரும்பப் போட்டும் ஸ்பீக்கரும் மைக்கும் மசியவில்லை. கடைசியில், விண்டோஸ் எழும் முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் நுழைந்தேன். ஏதோ அப்டேட் வந்தபோது ஆடியோவையே அணைத்து வைத்திருக்கிறது! அங்கே அணைந்து கிடந்தால் டிரைவர் என்ன செய்யும்? திறந்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் மறுபடி எழுந்ததும் கணவரின் வீடியோ கால் வந்தது; அந்த அம்மா எடுத்தார். கப்பலில் தன் பக்கத்திலிருந்தவரிடம் கணவர் சொன்னது கணீரென்று கேட்டது.

“எம் பொண்டாட்டி நீலச் சேலையில எப்பிடி இருக்கா, பாருலே! நேர்ல சொல்லத்தான் வாய் வரமாட்டுக்கு.”

ஜெயித்த குஷியில் நான் கத்தப் போனேன். அந்த அம்மா சட்டென்று என் வாய்க்கு நேரே கையை நீட்டித் தடுத்தார். பிறகு ஒன்றுமே தெரியாதவர் போலத் திரையைப் பார்த்து, காதைத் தொட்டுக் கையை விரித்தார்.

எப்போதுதான் கணவரிடம் உண்மையைச் சொன்னாரோ! நானாக இருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன்.