ஒரே சிலிண்டர், ரெண்டு பிஸ்டன்

எஞ்சினைப் பிரித்த அன்று கிணற்று மேட்டில் இருந்தவர்கள் அப்பா, பெரியம்மா, மெக்கானிக் காதர் பாய், நான். வராதவர் பெரியப்பா. வரவில்லை என்றால் வீட்டில் இருந்தார் என்று அர்த்தமில்லை. இருபதடி தள்ளி வரப்பில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அதை வருகையாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

போன வாரம் வேங்கிக்காலில் எங்கள் அலுவலக வாசலில் ஒருவர் புல் வெட்டும் மெஷினைக் கயிறு இழுத்து இழுத்துக் கிளப்பப் பார்த்தார். அது இருமி, நீலமாய்ப் புகை விட்டு, நின்றுபோனது. எண்ணெய் கருகும் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஃபைலை மூடிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுவிட்டேன். எங்கள் வம்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான். சம்பளம் கொடுப்பவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அடி அண்ணாமலையில் எங்களுக்கு ஒரு கிணறு, ஒரு ஆயில் எஞ்சின். தாத்தா வாங்கியது, இரண்டு பிள்ளைகளுக்கும் பொது. ஒருநாள் அப்பா முறை, மறுநாள் பெரியப்பா முறை. என் தங்கையின் காதுகுத்துப் பத்திரிகையில் மாமா பெயர் மேலேயும் பெரியப்பா பெயர் கீழேயும் அச்சாகி வந்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. முறை மட்டும் தவறாது. எஞ்சின் கெட்டால் அது நிச்சயம் எதிராளியின் முறையில்தான் கெட்டிருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பூ விட்டுப் பிஞ்சு இறங்கும் நேரத்தில் எஞ்சின் படுத்துவிட்டது. இரண்டு குடும்பத்துக்கும் அந்தப் பயிரை விட்டால் வேறு வரும்படி கிடையாது. ஒரு வாரத்தில் தண்ணீர் பாயாவிட்டால் கொடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட வேண்டியதுதான்.

காதர் பாய் பிஸ்டனை வெளியே எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேஞ்சிடுச்சுங்க. சிலிண்டர கடஞ்சி போரிங் பண்ணி புது பிஸ்டன் போட்டா ஓடும்."

"எவ்ளோ ஆவும் பாய்?" என்றார் அப்பா.

"ரெண்டாயிரம் ஆவும். ஜாஸ்தியும் ஆவலாம்."

"பண்ணலாமா, கடாசிடலாமா? நீங்களே சொல்லுங்க."

"பண்ணலாம். பண்ணாமலும் இருக்கலாம்."

நான் அப்போது பி.காம். இரண்டாம் வருஷம். வாயை மூடிக்கொண்டு நிற்கிற வயசா அது? தொண்டையைச் செருமிக்கொண்டு தேய்மானம் என்றால் என்ன என்று ஆரம்பித்தேன். வருஷா வருஷம் கழித்துக்கொண்டே வந்தால் நம் எஞ்சினின் மதிப்பு எப்போதோ பூஜ்யமாகிவிட்டது, பூஜ்யத்தின் மேல் இரண்டாயிரம் போடுவதற்குப் பதில் மூவாயிரத்து ஐந்நூறுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் எஞ்சினே வாங்கலாம் என்றேன்.

"உன் கணக்குப்படி பாத்தா நானே ஜீரோதாண்டா," என்றார் அப்பா.

வரப்பிலிருந்து பெரியப்பா ஆட்டிடம் பேசினார். "கேட்டுக்கடி. எஞ்சினு தேஞ்சிடுச்சாம். இவன காலேஜுக்கு அனுப்பி நம்ம காசு தேஞ்சத எந்த புக்குல எழுதறது?"

அப்பா கொஞ்சம் யோசித்து, "சரி, பையன் சொல்றாப்பல வித்துடலாம்" என்றார்.

"எங்கப்பன் வாங்குன எஞ்சின விக்க இவன் யாருடி?" என்று பெரியப்பா ஆட்டைக் கேட்டார்.

"அப்ப ரிப்பேரே பண்ணலாம் அண்ணி, அவர்கிட்ட சொல்லிடுங்க."

"ரெண்டாயிரத்த இவன் மாமனார் வூட்லருந்து எடுத்தாருவானாடி?"

ஆடு எந்தக் கட்சியிலும் சேராமல் மேய்ந்தது.

பெரியம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். "நீங்க ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள கொடி காஞ்சி சருகாயிடும். பாய், நீங்க வேலையப் பாருங்க."

மறுநாள் காலை அப்பா டவுனுக்குப் போய் பிஸ்டன் செட் வாங்கி வந்தார். தம்பி காசில் எஞ்சின் ஓடினால் தன் மானம் போய்விடும் என்று, தம்பி முந்திக்கொண்டது தெரியாமல், மதியப் பஸ்ஸில் பெரியப்பாவும் போய் அதே கடையில் ஒன்று வாங்கி வந்தார். காதர் பாய் முன்னால் ஒரே மாதிரி இரண்டு அட்டைப் பெட்டிகள்.

"இருக்கறது ஒரே சிலிண்டருங்க. இன்னொண்ண எங்க போடறது?"

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அண்ணனும் தம்பியும் கடை முன்னால் நின்றார்கள். படித்தவன் என்ற முறையில் துணைக்கு நான். "காலைல என் தம்பி வாங்கிக்கினு போனத ஏன்யா சொல்லல?" என்று பெரியப்பா எகிறினார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மூக்குங்க. அதே ஆளுதான் திரும்ப வந்து இன்னொண்ணு கேக்கறாரு, ரெண்டு எஞ்சின் வச்சிருக்கற பெரிய கைனு நெனச்சேன்."

இதற்குக் கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று இருவருக்கும் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் ஆரம்பித்த வசவை மற்றவர் எடுத்து முடித்தார். என் படிப்பில் இல்லாத சொற்கள் பல அன்று தெரிந்துகொண்டேன். பஸ்ஸில் பெரியப்பா திரும்பி, "சில்ற இருக்காடா?" என்றார். காதுகுத்துக்குப் பிறகு அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு. அப்பா மூன்று டிக்கெட் எடுத்தார்.

எஞ்சின் ஓடியது. மல்லாட்டை பிழைத்தது. சில வருஷத்தில் கரண்ட் மோட்டார் வந்து எஞ்சினை எடைக்குப் போட்டோம். பிறகு நிலமே போனது. கிணற்றைத் தூர்த்து அதன்மேல் தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து தியானம் என்று நாள் கணக்கில் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், அதற்கு வாடகையும் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் பேசாமல் இருப்பதற்குக் காலணா செலவானதில்லை. பேசுவதற்குத்தான் ஆனது. போரிங், காதர் பாய் கூலி, ஒரு பிஸ்டன், கடைசிவரை உறை பிரிக்காத இன்னொரு பிஸ்டன், பஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.